முதுநிலை மருத்துவ மாணவரின் ஆராய்ச்சி நேரத்துக்கு நிதி ஒதுக்குங்கள்: ஒரு திறந்த மடல்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் மதிப்பிற்குரிய தலைமை இயக்குநர் அவர்களுக்கும், தேசிய மருத்துவ ஆணையத்தின் மதிப்பிற்குரிய முதுநிலை மருத்துவக் கல்வி வாரியத் தலைவர் அவர்களுக்கும்,

வணக்கம்.

தென் தமிழகத்தில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியின் பொது மருத்துவத் துறையில் பதினெட்டு ஆண்டுகளாகப் பணிபுரிந்து வருகிறேன். எம்.டி. மாணவர்களின் ஆய்வேடுகளுக்கு வழிகாட்டுவதும் என் பணியில் அடக்கம். சென்ற மாதம் என் மாணவி ஒருவர், பைண்டு செய்து வந்த தம் ஆய்வேட்டைக் கையெழுத்துக்காக என் மேசையில் வைத்தார். கூடவே ஓர் அட்டைப் பெட்டியையும் வைத்தார். அதற்குள் எண்ணும் நேரமும் எழுதி ஒட்டிய 123 சிறு பிளாஸ்டிக் குப்பிகள் இருந்தன. எல்லாமே காலி. “சார், இதை லேப்லயே வெச்சிடவா, இல்ல தூக்கிப் போட்டுடவா?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்தக் குப்பிகளில் இருந்திருக்க வேண்டியது, பாம்புக்கடியால் எங்கள் வார்டில் சேர்ந்த 41 பேரின் சிறுநீர். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்ற மதிப்பீட்டையும், அந்த மரணங்களை 2030-க்குள் பாதியாகக் குறைக்க மத்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்ட தேசியச் செயல்திட்டத்தையும் நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். கண்ணாடி விரியன் கடித்து வருபவர்களில் சிலருக்குச் சிறுநீரகம் செயலிழக்கிறது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் ஏறுவதைப் பார்த்து நாங்கள் அதைக் கண்டுகொள்வதற்குள் பெரும்பாலும் ஒரு நாள், சில வேளைகளில் இரண்டு நாள் கடந்துவிடுகிறது. சிறுநீரில் அதற்கு முன்பே தலைகாட்டும் ஒரு புரதத்தை வைத்து, யாருடைய சிறுநீரகம் கெடப்போகிறது என்பதைச் சில மணி நேரத்திலேயே சொல்லிவிட முடியுமா என்பதே மாணவியின் கேள்வி. டயாலிசிஸ் வசதி இல்லாத ஒரு வட்ட மருத்துவமனையில் நள்ளிரவில் தனியாக நிற்கும் மருத்துவருக்கு, யாரை உடனே ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும், யாரை அங்கேயே வைத்துப் பார்க்கலாம் என்று முடிவெடுக்க இந்தப் பதில் உதவும். இந்தக் கேள்வியை அவருக்கு நான் எடுத்துக் கொடுக்கவில்லை. முதலாண்டில், விஷம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கும் இருபது நிமிட ரத்த உறைதல் சோதனைக்கான கண்ணாடிக் குழாயை அசையாமல் வைத்துவிட்டுக் கட்டிலருகே காத்திருந்த நேரத்தில் அவருக்குத் தோன்றியது.

ஒரு நோயாளியிடம் மூன்று முறை மாதிரி எடுக்க வேண்டும்: வந்தவுடன், ஆறாவது மணியில், இருபத்து நான்காவது மணியில். அந்திப் பொழுதில் வரப்பில் கடிபட்டவர் இரவு எட்டு மணிக்கு வந்து சேர்ந்தால், ஆறாவது மணி என்பது இரவு இரண்டு. எங்கள் யூனிட்டின் அட்மிஷன் நாளாக இருந்தால் மாணவி அந்நேரம் மாரடைப்புக்கும் பூச்சிமருந்து குடித்தவருக்கும் இடையில் ஓடிக்கொண்டிருப்பார். அட்மிஷன் நாள் இல்லையென்றால் விடுதியிலிருந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வருவார். மாதிரியைச் சுழற்றிப் பிரித்துக் குப்பிகளில் நிரப்பி, பனிக்கட்டி வைத்த டப்பாவில் போட்டு, வார்டின் குளிர்சாதனப் பெட்டியில் இன்சுலினுக்குப் பக்கத்தில் வைப்பார். உறைநிலைப் பெட்டி வேறொரு துறையில் இருந்தது. மாலை நான்கு மணிக்கு அந்த அறையைப் பூட்டிவிடுவார்கள். காலையில் பூட்டுத் திறந்ததும், ரவுண்ட்ஸ் தொடங்குவதற்குள், மூன்று மாடி ஏறி அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஓராண்டுக்கு மேல் இதைச் செய்தார்.

அந்தப் புரதத்தை அளக்கத் தேவையான எலிசா பரிசோதனை கிட் இரண்டையும் தம் உதவித்தொகையிலிருந்து வாங்கினார். ஒரு கிட்டில் மாதிரி ஊற்ற 96 குழிகள். பிரித்தால் விரைவில் பயன்படுத்திவிட வேண்டும் என்பதால், மாதிரிகள் எல்லாம் சேரும்வரை காத்திருந்தார். பொங்கல் விடுமுறையில் உறைநிலைப் பெட்டி பழுதாகி நின்றுவிட்டது. நான்கு நாள் கழித்துக் கதவைத் திறந்தபோது தரையில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

தேர்வுக்கு ஆறு மாதத்துக்கு முன் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும் என்பது விதி. மீதியிருந்த நாட்களில் மீண்டும் 41 பேரைச் சேர்க்க வழியில்லை. நெறிமுறைக் குழுவின் அனுமதியுடன் தலைப்பை மாற்றி, பழைய நோயாளர் பதிவேடுகளிலிருந்து கிரியேட்டினின் அளவுகளை எடுத்து அட்டவணை போட்டு முடித்தோம். ஆய்வேடு தேறிவிடும். அவர் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வைத்த அந்த 41 பேரில் ஒரு வாழைத்தோட்டத் தொழிலாளி, காலில் வீக்கம் வடியாத நிலையிலும், “அடுத்தவங்களுக்கு ஒதவும்னா எடுத்துக்கம்மா” என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு நாங்கள் இன்னும் கடன்பட்டிருக்கிறோம்.

உறைநிலைப் பெட்டி எங்கேயும் பழுதாகும். அதைப் பற்றிப் புகார் சொல்ல இந்த மடலை எழுதவில்லை. அந்த மாணவிக்கு வாரத்தில் ஒரு முழு நாள் ஆராய்ச்சிக்கென்று இருந்திருந்தால், மாதிரிகளைத் தவணை தவணையாகச் சோதித்து முடித்திருப்பார். அப்படி ஒரு நாள் அவருக்குக் கிடைக்காமல் போனதில் எனக்கும் பங்கு உண்டு. முதலில் வியாழக்கிழமை பிற்பகலை அவருக்கென்று ஒதுக்கினேன். மூன்றாவது வாரமே, வார்டில் ஆள் இல்லை என்று நானே அவரை அழைத்துவிட்டேன். கட்டில்கள் நிரம்பித் தரையிலும் பாய் விரித்துப் படுத்திருக்கும் வார்டில் நின்றுகொண்டு, “நீ போய் ஆய்வகத்தில் உட்கார்” என்று சொல்ல எந்தப் பேராசிரியருக்கும் மனம் வராது. அரசு மருத்துவமனைகள் முதுநிலை மாணவர்களின் தோளில்தான் நடக்கின்றன. தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேலும், வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேலும் பணி கூடாது என்ற 1992-ஆம் ஆண்டின் உறைவிட மருத்துவர் திட்டம் ஏட்டில் இருக்கிறது. அதன்படி நடக்கும் ஒரு பொது மருத்துவ யூனிட்டை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான். முதுநிலைப் பயிற்சிக் காலத்துக்குள்ளேயே ஆராய்ச்சி நேரத்தை நிதி கொடுத்து வாங்குங்கள். கிட்டுக்கும் வேதிப்பொருளுக்கும் தரும் மானியம் தேவைதான். ஆய்வேடுகளுக்குக் கவுன்சில் அளிக்கும் நிதியுதவியை நன்றியுடன் ஏற்கிறோம். ஆனால் அந்தத் தொகை மாணவருக்கு ஒரு மணி நேரத்தைக்கூட வாங்கித் தருவதில்லை. அவர் வார்டில் இல்லாத நேரத்தில் அவரிடத்தில் நிற்க ஒரு மருத்துவர் வேண்டும். அந்த மருத்துவருக்குச் சம்பளம் வேண்டும். அந்தச் சம்பளத்தை ஆராய்ச்சி நிதியின் ஒரு பகுதியாகவே வையுங்கள். அது இல்லாமல், “ஆராய்ச்சிக்கு நேரம் ஒதுக்குக” என்று எத்தனை சுற்றறிக்கை அனுப்பினாலும், என்னைப் போன்ற யூனிட் தலைவர்கள் மூன்றாவது வாரத்தில் அதை மீறத்தான் செய்வோம்.

முதுநிலை மாணவரின் ஆய்வேட்டை ஒரு சடங்கு என்று நினைப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு 1986-ஐ நினைவூட்ட விரும்புகிறேன். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றை முதலில் கண்டறிந்தது சென்னை மருத்துவக் கல்லூரியின் முதுநிலை மாணவி ஒருவரின் ஆய்வேட்டுப் பணி. பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் செல்லப்பன் நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சேமித்து வைக்க வேறு வசதி இல்லாததால் சீரத்தைத் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தார். பரிசோதனைக்கு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு சென்றார். ஒரு நாட்டின் பொது சுகாதார வரலாற்றையே திருப்பிப் போட்ட வேலை அது. நாற்பது ஆண்டுகள் கழிந்தும் என் மாணவி வார்டு குளிர்சாதனப் பெட்டியில் இன்சுலினை ஒதுக்கி இடம் தேடுகிறார் என்பதை நினைக்கும்போது, கோபத்தை அடக்கிக்கொண்டு எழுதுவது எளிதாக இல்லை. மன்னிக்கவும்.

இதன் விளைவு எங்கள் கல்லூரியோடு நிற்கவில்லை. 2005 முதல் 2014 வரையிலான பத்தாண்டில் இந்தியாவின் 579 மருத்துவக் கல்வி நிறுவனங்களிலிருந்து வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளை டாக்டர் சமிரன் நந்தியும் அவருடைய சகாக்களும் 2016-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். 332 நிறுவனங்களிலிருந்து ஒரு கட்டுரைகூட வரவில்லை. ஆண்டுக்கு 100-க்கு மேல் வெளியிட்டவை 25 மட்டுமே. இந்தக் கணக்கு வெளிவந்த பிறகு நாம் செய்தது என்ன? முதுநிலை மாணவர்களுக்கு ஆராய்ச்சி முறையியல் இணையவழிப் பாடத்தைக் கட்டாயமாக்கினோம். ஆசிரியர் பதவி உயர்வுக்குக் கட்டுரைகளின் எண்ணிக்கை என்ற நிபந்தனையைத் தொடர்ந்தோம். சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் நடத்தும் அந்தப் பாடம் நல்ல பாடம். என் மாணவர்கள் அதில் பயனடைந்திருக்கிறார்கள். ஆனால் நீச்சலின் இலக்கணத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டு ஆற்றுப் பக்கமே விடாமல் வைத்திருக்கிறோம். கட்டுரை எண்ணிக்கை நிபந்தனையோ, பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களைத்தான் வாழவைக்கிறது. இளம் உதவிப் பேராசிரியர்கள் பதவி உயர்வுக்காகக் கைக்காசைக் கொண்டுபோய் அங்கே கட்டுவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அது தனியாகப் பேச வேண்டிய விஷயம். என் கோரிக்கைக்குத் திரும்புகிறேன்.

பிற நாடுகள் இந்த முடிச்சை எப்படி அவிழ்த்தன என்பதற்கு உங்கள் முன் உதாரணங்கள் இருக்கின்றன. இங்கிலாந்தின் தேசிய சுகாதார, பராமரிப்பு ஆராய்ச்சி நிறுவனம் அளிக்கும் கல்விசார் மருத்துவப் பயிற்சி நிலைகளில், பயிற்சி மருத்துவரின் நேரத்தில் 25 சதவீதம் ஆராய்ச்சிக்கென்று காக்கப்படுகிறது. மூன்றாண்டு வரை அது தொடரலாம். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள், உறைவிட மருத்துவர்கள் பயிற்சியின் நடுவே ஓராண்டு முதல் ஈராண்டு வரை ஆராய்ச்சியில் ஈடுபட ஆர்38 என்ற மானியத்தை வழங்குகின்றன. அவர்கள் நம்மைவிடப் பணக்காரர்கள் என்பது உண்மை. ஆனால் நம் நாட்டில் பணமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கான குறுகிய கால ஆராய்ச்சி உதவித்தொகையைக் கவுன்சில் 1979 முதல் நடத்தி வருகிறது. முதுநிலை முடித்தவர்களுக்கு மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் வெல்கம் அறக்கட்டளையும் இணைந்து நடத்தும் இந்தியா அலையன்ஸின் நிதி நல்கைகள் இருக்கின்றன. முன்னே ஒரு பாலம், பின்னே ஒரு பாலம். நடுவில் உள்ள மூன்றாண்டில், நோயாளியின் கட்டிலருகே கேள்விகள் பிறக்கும் அந்த மூன்றாண்டில், கால் வைக்க இடமில்லை. பின்னே உள்ள பாலத்தை வந்தடைய எத்தனை பேர் மிஞ்சுவார்கள்?

எல்லா மாணவர்களுக்கும் இதைக் கேட்கவில்லை. நல்ல மருத்துவராக மட்டும் இருக்க விரும்புபவர் அப்படியே இருக்கட்டும். நாட்டுக்கு அவரும் தேவை. முதலாண்டு முடிவில் தம் ஆய்வுத் திட்டத்தோடு விண்ணப்பித்துத் தேர்வாகும் சிலருக்கு மட்டும், 36 மாதங்களில் ஒன்பது மாதங்கள் ஆராய்ச்சிக்கென்று கிடைக்கட்டும். ஒரே தொகுதியாக எடுப்பதா, வாரத்தில் இரண்டு நாளுக்குச் சற்று மேலாகப் பிரித்து எடுப்பதா என்பதைத் துறையும் மாணவரும் முடிவு செய்யட்டும். பாம்புக்கடி போலப் பருவத்துக்கேற்ப வரும் நோய்களுக்குத் தொகுதியாக எடுப்பதே உதவும். அக்காலத்தில் வார்டில் மாற்று மருத்துவர் ஒருவரை நியமிக்கும் செலவும், ஒரு பகுதிநேர ஆய்வக நுட்பநரின் ஊதியமும் மானியத்தில் சேரட்டும். நாடு முழுவதும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. அரசுக் கல்லூரிகள் பத்தில் தொடங்கிப் பாருங்கள். அந்தப் பத்தில் குறைந்தது ஐந்து பெருநகரங்களுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பாம்பு கடிக்கும் இடமும் ஆராய்ச்சிப் பணம் போகும் இடமும் வெவ்வேறாக இருப்பதால்தான் இத்தனை கேள்விகள் பதில் இல்லாமல் கிடக்கின்றன.

தேசிய மருத்துவ ஆணையத்திடம் கூடுதலாக ஒன்று. முதுநிலை மாணவர்கள் மாவட்ட மருத்துவமனைகளில் பணியாற்றும் மாவட்ட உறைவிடப் பயிற்சிக்காக மூன்று மாதங்களைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவர உங்களால் முடிந்தது. மாணவர் அந்த மூன்று மாதம் வெளியே போனபோதும் மருத்துவக் கல்லூரிகள் மூடிவிடவில்லை. விதி என்று வந்தால் யூனிட்டுகள் அதற்கேற்பத் தம்மைச் சரிசெய்துகொள்ளும் என்பதற்கு அதுவே சான்று. ஆராய்ச்சி நேரமும் வழிகாட்டியின் பெருந்தன்மையை நம்பியிருக்காமல் விதியாக வர வேண்டும். எம்.டி. முடித்தபின் வரும் கட்டாய அரசுப் பணிக் காலத்திலும், தொடங்கிய ஆய்வைத் தொடர மாநில அரசுகள் இடமளிக்கும்படி நீங்கள் பரிந்துரைக்கலாம். இன்று அந்த ஒப்பந்தப் பணி வந்ததும் ஆய்வுக்கும் அவருக்கும் இருந்த கடைசி நூலும் அறுந்துவிடுகிறது.

என் மாணவி இப்போது உயர்சிறப்புப் படிப்புக்கான நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். “இனி ரிசர்ச் பக்கமே வரமாட்டேன் சார்” என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவரை நான் தடுக்கவில்லை. தடுக்கும் தகுதி எனக்கு இல்லை. அடுத்த தொகுதி மாணவர்கள் வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் போன வாரம் ரவுண்ட்ஸில், ஒரே பாம்பு கடித்த இருவரில் ஒருவருக்கு மட்டும் ஏன் சிறுநீரகம் கெடுகிறது என்று கேட்டார். நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தேன்.

முதுநிலைப் பயிற்சிக்குள் ஆராய்ச்சி நேரத்துக்கு நிதி ஒதுக்குமாறு உங்கள் இருவரையும் மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மாற்று மருத்துவருக்கு எவ்வளவு செலவாகும் என்று கணக்கிட உதவும் என்றால், எங்கள் யூனிட்டின் கடந்த மூன்றாண்டு டியூட்டி பட்டியலை, மாணவர்களின் பெயர்களை நீக்கிவிட்டு, முறைப்படி அனுமதி பெற்று அனுப்பி வைக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
பொது மருத்துவப் பேராசிரியர்,
அரசு மருத்துவக் கல்லூரி ஒன்று, தென் தமிழகம்