சலுகை அல்ல, சங்கத்தின் பலன்

ஆசிரியருக்கு,

பாலியல் தொழிலாளர்களுக்கு முகவரிச் சான்று கேட்காமல் ஆதார் வழங்கச் சொன்ன 2022 மே மாத உச்ச நீதிமன்ற உத்தரவைப் பற்றிய தங்கள் தலையங்கம், அதை நீதிமன்றத்தின் கருணையாகவே பேசுகிறது. உத்தரவு வரவேற்கத்தக்கதுதான், சரி. ஆனால் கொல்கத்தாவில் பாலியல் தொழில் நடக்கும் பகுதியான சோனாகாச்சியின் பெண்கள் 1995-லேயே தர்பார் மகிளா சமன்வய கமிட்டி என்ற தங்கள் சொந்த அமைப்பாகத் திரண்டவர்கள். கந்துவட்டியிலிருந்து மீள, அதே ஆண்டில் 'உஷா' என்ற கூட்டுறவுச் சங்கத்தையும் தொடங்கினார்கள். உறுப்பினர் 'நன்னடத்தை' உள்ளவராக இருக்க வேண்டும் என்ற விதி குறுக்கே நின்றது. இல்லத்தரசிகள் என்று எழுதிக்கொடுத்தால் காரியம் முடிந்திருக்கும், மறுத்துவிட்டார்கள். செய்யும் தொழிலின் பெயரிலேயே பதிவு பெற்றார்கள். 1997-ல் சால்ட் லேக் அரங்கில் தேசிய மாநாடு கூட்டி, தங்களையும் தொழிலாளர்களாக ஏற்கக் கோரினார்கள். இந்தப் போராட்டத்தைச் சொல்லாமல் உத்தரவை மட்டும் பேசுவது பாதிக் கதை.

வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். வீட்டு உரிமையாளர் வாடகை ஒப்பந்தம் தர மறுத்ததால் முகவரிச் சான்று இல்லாமல், கணக்கு தொடங்க முடியாமல் திரும்பிய இத்தொழில் செய்யும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் அவர்கள் சேமிப்பு வட்டிக்காரரிடம்தான் போகும். அந்த உத்தரவுப்படி, ஆதாருக்கான சான்றை மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் திட்ட இயக்குநரே வழங்கலாம். தமிழக அரசு அந்தச் சான்றையும் வங்கிக் கணக்கையும் ஒரே முகாமில் வழங்க வேண்டும். முகாமை நடத்தும் பொறுப்பில் அப்பெண்களின் அமைப்புகளையும் சேர்க்க வேண்டும்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
மதுரை.