காதைப் பற்றிக் காதோடு சொன்னவருக்கு

அன்புள்ள உயிரியல் பாட்காஸ்ட் தோழிக்கு,

வணக்கம். உங்கள் முகம் எனக்குத் தெரியாது, குரல் மட்டும்தான் தெரியும். இரண்டு வருடமாக ராத்திரி பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் அந்தக் குரல்தான் எனக்குத் துணை. நன்றி சொல்ல வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டே இருந்தேன். காது பற்றிய எபிசோடைக் கேட்ட பிறகு இனியும் தள்ளிப்போட மனம் வரவில்லை.

பள்ளியில் உயிரியல் என்றால் எனக்கு ஒரே ஒரு கேள்விதான்: 'படம் வரைந்து பாகங்களைக் குறி.' காதின் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். செவிமடல், செவிப்பறை, சுத்தி எலும்பு, பட்டடை எலும்பு, அங்கவடி எலும்பு, நத்தைச்சுருள். கோடுகளெல்லாம் ஸ்கேல் வைத்து நேராகப் போட்டிருப்பேன், முழு மதிப்பெண் வரும். அந்தப் படத்துக்குள் ஒரு சத்தம் நுழைந்தால் என்ன நடக்கும் என்று யாரும் சொன்னதில்லை. எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை.

உங்களிடம் காட்டுவதற்குப் படமே கிடையாது. அதனால்தானோ என்னவோ, நடக்கிற வரிசையிலேயே சொல்கிறீர்கள். காற்றின் அதிர்வு செவிப்பறையைத் தள்ளுகிறது. மூன்று எலும்புகளும் ஒன்றையொன்று அசைக்கின்றன. கடைசியில் இருக்கும் அங்கவடி, சுமார் 3 மில்லிமீட்டர் நீளமே உள்ளது, உள்ளே இருக்கும் திரவத்தை இடிக்கிறது. திரவம் அலையும்போது, அங்கே ஒலியை உணரும் மயிர்ச்செல்களின் தலையில் உள்ள நுண்ணிய இழைகள் சாய்கின்றன. இழைக்கும் இழைக்கும் நடுவே கட்டியிருக்கும் மெல்லிய நார் இழுபட்டு ஒரு கதவு திறக்கிறது, பொட்டாசியம் உள்ளே பாய்கிறது, சேதி நரம்புக்குப் போகிறது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, நீங்கள் பேசும் இந்தப் பேச்சும் இதே வழியாகத்தான் எங்களிடம் வந்துகொண்டிருக்கிறது என்றீர்கள். அப்புறம் இரண்டு நொடி பேசவே இல்லை. கையில் சோப்பு நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன். நான் அத்தனை தடவை வரைந்த படம் அன்றைக்குத்தான் முதல்முறையாக அசைந்தது.

சுத்தியும் பட்டடையும் ஒரு காலத்தில் தாடை எலும்புகளாக இருந்தவை என்பதும் நீங்கள் சொல்லித்தான் தெரியும். கருவின் வளர்ச்சியைப் பார்த்து 1837லேயே ரைஹெர்ட் என்ற ஜெர்மன் உடற்கூறியலாளர் இதைக் கண்டுகொண்டாராம். கங்காரு மாதிரியான பைப்பாலூட்டிகளின் குட்டி பிறக்கும்போது இந்தச் சின்ன எலும்புகள் இன்னமும் தாடையோடு ஒட்டித்தான் இருக்கும் என்று கேட்டதும், என் தாடையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வேறொரு காரணத்துக்காக. என் அம்மாவுக்கு நாலைந்து வருடமாகக் காது மந்தம். காட்டிய இடத்தில் 'வயசாச்சு, மெஷின் வைங்க' என்பதோடு முடித்துக்கொண்டார்கள். நாங்கள் வீட்டில் கத்திப் பேசினோம். 'கத்தாதே, சத்தம் கேட்குது, என்ன சொல்றேன்னுதான் புரியலை' என்பார் அம்மா. கேட்கிறது என்றால் ஏன் புரியாது? வீம்புக்குச் சொல்கிறார் என்றுகூட நினைத்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது கஷ்டமாக இருக்கிறது.

நத்தைச்சுருளின் வாசல் பக்கம் இருக்கும் மயிர்ச்செல்கள் கீச்சுக் குரல்களுக்கு, உள்கோடியில் இருப்பவை கனத்த ஒலிகளுக்கு என்று விளக்கினீர்கள். ஒரு காதுக்குப் பிறக்கும்போது கிடைப்பது சுமார் 15,000 செல்கள்தான், போனால் திரும்ப முளைக்காது, வயதாகும்போது பெரும்பாலும் வாசல் பக்கத்துச் செல்கள்தான் முதலில் போகும் என்றும் சொன்னீர்கள். ச, ஸ, ஷ மாதிரியான மெய்யொலிகளின் கூர்மை அந்த உயர்ந்த ஒலிகளில்தான் இருக்கிறது. உயிரெழுத்து தாழ்ந்த ஒலியில் சுகமாக வந்துசேர்ந்துவிடும். ஆக, அம்மாவுக்குப் பேச்சு கேட்கும், சொல் பிரிந்து வராது. அவர் சொன்னது அத்தனையும் உண்மை. மறுநாளிலிருந்து கத்துவதை விட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்து முகம் தெரிகிற மாதிரி நிதானமாகப் பேசுகிறேன். எங்களுக்குள் இப்போது பேச்சு நீள்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் உடம்பில் மனித செல்களைப் போலப் பத்து மடங்கு பாக்டீரியா இருக்கிறது என்று ஒரு தடவை சொன்னீர்கள். அடுத்த எபிசோடின் தொடக்கத்திலேயே அதைத் திருத்தினீர்கள். அது 1970களின் தோராயக் கணக்கு, 2016இல் ரான் மைலோ என்ற ஆய்வாளரின் குழு மறுபடி கணக்கிட்டபோது சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாவும் 30 லட்சம் கோடி மனித செல்களும் வந்தன, ஏறக்குறைய சரிக்குச் சரி என்றீர்கள். பழைய கணக்கு எங்கே பிசகியது என்பதற்கே பத்து நிமிடம் ஒதுக்கினீர்கள். அந்தப் பத்து நிமிடத்துக்கு அப்புறம்தான் நீங்கள் சொல்வதை முழுசாக நம்பத் தொடங்கினேன்.

ஒரு சின்னக் குறை. முக்கியமான இடங்களில் பின்னணி இசையைக் கூட்டுகிறீர்கள். அது வேண்டாம், விஷயமே போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கோழிகளின் காதில் செத்த மயிர்ச்செல்கள் மறுபடி முளைக்கின்றன என்று 1988இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வைப் பற்றிப் பேசினீர்கள் இல்லையா, அதை அம்மாவிடம் சொன்னேன். 'கோழிக்கு முளைக்குமா?' என்று இரண்டு தடவை கேட்டார். முழுதும் தெரிந்துகொள்ள வேண்டுமாம். ஹெட்போனை மாட்டிப் பார்த்தோம், சரிப்படவில்லை. அவருக்குக் கண் நன்றாகத் தெரியும், தினமும் படிப்பவர். அந்த எபிசோடை மட்டுமாவது எழுத்தாகவும் போட முடியுமா? தட்டச்சு செய்ய ஆள் இல்லையென்றால் நானே கேட்டுக் கேட்டு அடித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் நேயர்