புறாத்தீவுக்குச் செல்லும் கப்பல் பயணிகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து அனுப்பக் கோரும் மனு

அனுப்புநர்:
நிலாவெளிக் கடற்கரையில் படகு ஓட்டுவோரும் சிறுகடை நடத்துவோரும்,
நிலாவெளி.

பெறுநர்:
அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம், திருகோணமலை.

ஊடாக: பிரதேச செயலாளர், குச்சவெளி.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

2023 ஜூனில் சென்னையிலிருந்து பயணிகள் கப்பல் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரத் தொடங்கியபோது, அதிகம் சந்தோசப்பட்டவர்கள் நாங்கள்தான். போர், 2004 சுனாமி, கொரோனா, பொருளாதார நெருக்கடி என்று அடிமேல் அடி வாங்கிய கரை இது. கப்பல்கள் இன்னும் வர வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். இந்த மனுவைக் கப்பல்களுக்கு எதிரானதாகத் தயவுசெய்து எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் கவலை நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாத்தீவைப் பற்றியது. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட அந்த இரு தீவுகளில் பெரியதன் நீளமே ஏறத்தாழ 200 மீற்றர், அகலம் 100 மீற்றர், அவ்வளவுதான். விடுதிகளில் தங்குவோர் காலையிலிருந்து பிரிந்து பிரிந்து வருவார்கள், அதைத் தீவு தாங்கும். கப்பலில் வருவோருக்கு அந்த அவகாசம் இல்லை. குறித்த நேரத்துக்குள் துறைமுகம் திரும்பியாக வேண்டும். பஸ்கள் ஒன்றாக வந்து நிற்க, எல்லாரும் ஒரே நேரத்தில் படகு கேட்கிறார்கள்.

அப்புறம் நடப்பதை நாங்கள் படகிலிருந்தே பார்க்கிறோம். பலர் முகக் கண்ணாடி போட்டு நீந்துவது அன்றுதான் முதல் தடவை. கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்ததும் பதறிப்போய்க் காலூன்ற இடம் தேடுவார்கள். அந்த ஆழம் குறைந்த இடத்தில் காலுக்குக் கீழே இருப்பது முருகைக்கல், அதாவது உயிருள்ள பவளப்பாறை. மான்கொம்பு போலக் கிளைத்த முருகை ஒரு மிதியில் முறிந்துவிடும். மீண்டும் அந்த அளவுக்கு வளர எத்தனையோ வருடம் வேண்டும். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. கரையில் யாரும் சொல்லித் தரவில்லை, சொல்ல நேரமும் இருக்கவில்லை. பத்துப் பேர் நீந்தும்போது எங்களில் ஒருவர் கூடவே இறங்கி வழிகாட்ட முடியும். நூறு பேர் இறங்கினால் யார் யாரைப் பார்ப்பது? நீந்துவோருக்கு நடுவே படகு இயந்திரம் சுழல்வதை நினைத்தாலே எங்களுக்குப் பயமாக இருக்கிறது.

தாய்லாந்தின் மாயா விரிகுடாவில் நடந்ததைத் தாங்கள் அறிந்திருப்பீர்கள். கட்டுக்கடங்காத கூட்டத்தால் முருகைகள் அழிய, 2018 ஜூனில் அந்தக் கடற்கரையை மூடினார்கள். 2022 ஜனவரியில்தான் மீண்டும் திறந்தார்கள். இப்போது படகுகள் விரிகுடாவுக்குள் நுழைவதில்லை, அது இருக்கும் தீவின் பின்புறம் ஆட்களை இறக்குகின்றன. ஒரு தடவைக்கு இத்தனை பேர் என்ற கணக்கும் உண்டு. புறாத்தீவு மூன்று சீசன் மூடிக் கிடந்தால் எங்கள் வீடுகளில் அடுப்பு எரியாது. அந்தக் கணக்கை இப்போதே வைத்துவிடலாம் என்கிறோம்.

ஆகவே, கப்பல் வரும் நாட்களில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் தீவில் இருக்கலாம் என்பதை வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துடன் பேசி நிர்ணயிக்குமாறு வேண்டுகிறோம். ஒரு குழு திரும்பிய பிறகே அடுத்த குழு புறப்பட வேண்டும். சரி, மற்றவர்கள் அதுவரை என்ன செய்வது? கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, உப்புவெளிப் போர் மயானம் எல்லாம் அதே பக்கத்தில்தான் இருக்கின்றன. பஸ்களின் வரிசையை மாற்றினாலே போதும், புதிதாகச் செலவு எதுவும் இல்லை.

இதற்குக் கப்பல் வரும் திகதி எங்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். இப்போது பஸ்ஸைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். துறைமுகத்திலிருந்து கிடைக்கும் விபரத்தைப் பிரதேச செயலக அறிவித்தல் பலகையில் தமிழிலும் சிங்களத்திலும் போட்டால், படகுகளை முறை வைத்து ஒழுங்குபடுத்துவது எங்கள் பொறுப்பு. படகு ஏறுமுன் முருகையில் மிதிக்கக் கூடாது, ஆமையைத் துரத்தக் கூடாது என்று பயணிகளுக்குச் சொல்லிக் கொடுக்கவும் நாங்கள் தயார். சம்பளம் கேட்கவில்லை. கரையில் பெண்கள் உடை மாற்ற மறைவான இடமும், தண்ணீர் வசதியுள்ள மலசலகூடமும் அமைத்துத் தந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

அடுத்த சீசன் தொடங்கும் மே மாதத்துக்கு முன்னர் திணைக்களத்தினரையும் துறைமுக அதிகாரிகளையும் எங்களையும் ஒரே மேசையில் அழைத்துப் பேசுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கையொப்பமிட்டுள்ள படகோட்டிகளும் கடைக்காரர்களும்,
நிலாவெளி.