மேல்மண்ணை அள்ளி விக்காதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

பாலக்கோடு பக்கம் எங்க ஊர்ல மேல்மண்ணை லோடு லோடா அள்ளி விக்கிறாங்க, பாக்கவே வயிறு எரியுது. நல்ல மேல்மண்ணு உண்டாக எத்தனை காலம் ஆகும்னு பாருங்க, அமெரிக்காவுல அயோவா புல்வெளி நெலத்துல டாமான்னு ஒரு மண்ணு, காத்து கொண்டாந்து போட்ட மெல்லிசு மண்ணு மேல ஆளுயரப் புல்லு ஆயிரக்கணக்கான வருஷமா வளந்து வேரு மக்கி மக்கியே கருத்துப் போனது, நல்ல ஆழம், தண்ணி தேங்காது, ஆனா ஈரத்தைப் புடிச்சு வெச்சுக்கும், மக்காச்சோளம் அப்படி வெளையுது. நம்ம செம்மண்ணுலயும் தண்ணி நிக்காதுதான், ஆனா செடி கொடி மக்குன சத்து கம்மி, ஈரம் சீக்கிரம் ஓடிரும். இருக்கிற கொஞ்ச சத்தும் மேலாகத்தான் கெடக்கு, அதையும் வித்துட்டா ராகி எங்க வெளையும்? நான் மண்ணுக்கு உரமாகுற தக்கைப்பூண்டு செடிய வெதச்சு பூ எடுக்கறப்ப மடக்கி உழுதுட்டு வரேன், மண்ணு இப்ப பொலபொலன்னு இருக்கு. அதிகாரிங்க ஒருதடவ நேர்ல வந்து பாக்கணும், இதை உங்க பேப்பர்ல போடுங்க ஐயா.

இப்படிக்கு,
ஒரு ராகி விவசாயி, தர்மபுரி மாவட்டம்