தோட்டத்துக் குளத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு எங்கள் நன்றி

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் வீட்டுப் பின்புறத்துக் குளத்தில் இப்போது வெயிலுக்கு ஆவியாகும் நீரைத் தவிர வேறெதுவும் குறைவதில்லை. இந்த நிலையை எட்ட உதவிய ஒவ்வொருவருக்கும், அவரவர் செய்ததைக் குறிப்பிட்டே நன்றி கூற வேண்டும் என்பதால் இம்மடலைச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

முதல் நன்றி பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு உரியது. குளத்தை முழுவதுமாக இறைத்துவிட்டு அடியில் விரித்திருக்கும் ரப்பர் விரிப்பையே மாற்றிவிடலாம் என்ற பேச்சு எழுந்தபோது, நீர் உண்மையில் கசிகிறதா என்பதையே இன்னும் யாரும் பார்க்கவில்லையே என்று அவர்தான் தடுத்தார். ஒரு வாளியில் குளத்து நீரையே நிரப்பி, அதைக் குளத்தின் ஆழமில்லாத படியில் வைத்து, வாளிக்குள் இருக்கும் நீர்மட்டத்தையும் வெளியே இருக்கும் நீர்மட்டத்தையும் அவரே கோடிட்டுக் குறித்தார். இரண்டும் ஒரே வெயிலிலும் ஒரே காற்றிலும் இருப்பதால், ஆவியாவதால் ஏற்படும் இறக்கம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். குளத்தில் கூடுதலாகக் குறைவது கசிவு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் இறங்கினால் 1 லிட்டர் போயிற்று என்ற கணக்கையும் அவர் சொல்லித் தந்ததால், 10 சதுர மீட்டர் குளத்தில் 1 சென்டிமீட்டர் இறங்குவது 100 லிட்டர் இழப்பு என்பது எங்களுக்கு உறைத்தது.

கசிவு உறுதியானதும், பம்பு வேலையில் நெடுங்கால அனுபவமுள்ள நண்பர் வந்தார். அவருடைய பொறுமைக்கு நாங்கள் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம். பம்பை ஓடவிட்டு ஒரு நாளும் நிறுத்திவைத்து ஒரு நாளும் அதே வாளிச் சோதனையைச் செய்யச் சொன்னார். ஓடும்போது மட்டும் நீர் குறைந்தால் குறை குழாயிலோ, செயற்கை அருவியிலோ, அது வழிந்து வரும் ஓடையிலோ இருக்கும்; நிறுத்தியபோதும் குறைந்தால் விரிப்பைச் சந்தேகிக்க வேண்டும். எங்கள் குளத்தில் இரண்டு நிலையிலும் நீர் குறைந்தது. பம்பு ஓடும்போது வேகமாகவும், நின்றபோது மெதுவாகவும் இறங்கியது. ஓடையின் ஓரத்தில் பாசி தடித்து நீரை உயர்த்தியதால், மண் அழுந்தித் தாழ்ந்திருந்த விரிப்பு விளிம்பைத் தாண்டி நீர் வெளியேறுவதை அவர் கண்டுபிடித்தார். பாசியை நீக்கி, விளிம்பின் அடியில் மண் கொடுத்து உயர்த்திய பிறகு இழப்பு வெகுவாகக் குறைந்தது. அத்துடன் வேலை முடிந்தது என்று எவரும் கிளம்பியிருப்பர். அவரோ மறுபடியும் வாளியை வைக்கச் சொன்னார். இரண்டாவது கசிவு வெளிப்பட்டது அந்தப் பிடிவாதத்தால்தான்.

பம்பை நிறுத்திவிட்டு, மீன்களுக்குப் போதிய ஆழம் இருக்கும்வரை நீர் தானாக இறங்க விட்டோம். ஓரிடத்தில் இறக்கம் நின்றது. ஓட்டை அந்த மட்டத்தையொட்டியே இருக்கும் என்பதால், விளிம்பைச் சுற்றி அந்த உயரத்தில் மட்டும் தேடினால் போதும் என்றாயிற்று. மீன் வளர்ப்பில் ஆர்வமுள்ள கல்லூரி மாணவி ஒருவர், நீரை அதற்குச் சற்று மேலே உயர்த்தி, அசைவு அடங்கிய பின், உணவுக்குச் சேர்க்கும் வண்ணத்தை ஊசியற்ற சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தார். ஒரு கல்லின் அருகே மட்டும் அந்த நிறம் கலைந்து பரவாமல், மெல்லிய இழையாக நீண்டு விரிப்பின் மடிப்புக்குள் சென்றது. பாலையும் இதற்குப் பயன்படுத்துவதுண்டு. அது அழுகும்போது நீரின் ஆக்சிஜனைக் குறைக்கும் என்பதால் வண்ணத்தைத் தேர்ந்தெடுத்த அவருடைய அக்கறையைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. கல்லைப் புரட்டியபோது, அதன் கூர்முனை அழுத்திய இடத்தில் விரல் நுழையாத கிழிசல் ஒன்று இருந்தது.

ஒட்டுப்போடும் வேலையைச் செய்துகொடுத்தவர் எங்கள் உறவினர். விரிப்பு ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பர் வகை என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டார்; ஏனெனில் பி.வி.சி. பிளாஸ்டிக் விரிப்புக்குரிய பசை இதில் பிடிக்காது. அழுக்கும் வழவழப்பும் போகத் தேய்த்து, ஈரமின்றி உலர்த்தி, ஒட்டு நன்றாகப் பிடிக்க உதவும் பிரைமர் திரவத்தைத் தடவி, கிழிசலைத் தாண்டி எல்லாப் பக்கமும் தாராளமாகப் பரவும் ஒட்டை மூலைகள் வட்டமாக வெட்டி வைத்து, நடுவிலிருந்து வெளிப்புறமாக உருளையால் அழுத்தினார். சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப்போடும் அதே கவனம்தான். கல்லைத் திரும்ப வைக்கும்போது அதன் அடியில் தடித்த துணிவிரிப்பு ஒன்றையும் இட்டார்.

அதுவரை மீன்களைத் தம் வீட்டுத் தொட்டியில், குளத்து நீரிலேயே, காற்றுக் குமிழியும் நிழலும் கொடுத்துக் காத்த எதிர்வீட்டுக் குடும்பத்தாருக்கு எங்கள் மனமார்ந்த நன்றி. வடிகட்டியின் பஞ்சுகள் உலர்ந்தால் மீன் கழிவிலிருந்து உண்டாகும் நச்சு அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் மடிந்துவிடும் என்று எச்சரித்து, அவற்றையும் குளத்து நீரில் நனைத்தே வைத்திருந்தவர்கள் அவர்கள். குழாய் நீரின் குளோரினை நீக்காமல் குளத்தில் விடக் கூடாது என்பதையும் அவர்களே நினைவூட்டி, அதற்கான மருந்தையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். மீன்கள் அனைத்தும் நலமாகத் திரும்பின.

கற்களைத் தூக்கி அடுக்கிய இளைஞர்களுக்கும், வேலை நடந்த நாள்களில் குழந்தைகளைக் குளத்தருகே விடாமல் பார்த்துக்கொண்ட அண்டைவீட்டுச் சகோதரிகளுக்கும் நன்றி.

மிஞ்சிய ரப்பர்த் துண்டும் உருளையும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. குளம் வைத்திருப்பவர்களில் யாருக்கேனும் தேவைப்பட்டால் தயங்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாளியைப் பிடிக்கவும் கல்லைத் தூக்கவும் நாங்களும் வருகிறோம்.

நன்றியுடன்,
குளத்து வீட்டுக் குடும்பத்தினர்