டி.ஓ. என்றால் அரை டாக்டர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் உறவுக்காரப் பெண் ‘டி.ஓ.’ படிக்கிறாள் என்றால், நம் வீடுகளில் உடனே வரும் கேள்வி, “ஏன், எம்.டி. கிடைக்கலையா?” என்பதுதான். அங்கே எம்.டி. என்பது நம் எம்.பி.பி.எஸ். போல டாக்டராவதற்கான வழக்கமான பட்டம். டி.ஓ.வின் விரிவில் வரும் ‘ஆஸ்டியோ’ (எலும்பு) என்ற சொல்லைக் கேட்டு எலும்பு டாக்டர் என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. எம்.பி.பி.எஸ்., டி.ஓ. என்று நம் ஊர்ப் பெயர்ப்பலகைகளில் பார்த்துப் பழகியவர்களோ கண் டாக்டர் என்பார்கள். அந்த டி.ஓ. கண் மருத்துவ டிப்ளமோ, இது வேறு.

அமெரிக்க டி.ஓ., ‘டாக்டர் ஆஃப் ஆஸ்டியோபதிக் மெடிசின்’. கல்லூரிப் படிப்புக்குப் பின் எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு, 4 ஆண்டு மருத்துவக் கல்லூரி, துறையைப் பொறுத்து 3 முதல் 7 ஆண்டு ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி. எல்லா மருந்தும் எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம். 50 மாநிலங்களிலும் முழு உரிமம் உண்டு. எம்.டி.யும் டி.ஓ.வும் ரெசிடென்சி செய்யும் இடங்களுக்கு 2020 முதல் ஒரே அமைப்புதான் அங்கீகாரம் தருகிறது. டிரம்புக்கு 2020இல் கொரோனா வந்தபோது வெள்ளை மாளிகை மருத்துவராக இருந்த ஷான் கான்லி டி.ஓ.; அதிபர் பைடனின் மருத்துவராக இருந்த கெவின் ஓ'கானரும் டி.ஓ.

குழப்பத்துக்குப் பெரிய காரணம் பெயர்தான். பிரிட்டனில் ‘ஆஸ்டியோபத்’ என்பவர் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்று, கைகளால் உடல்வலிக்குச் சிகிச்சை தருபவர். அவர் எம்.பி.பி.எஸ். போன்ற படிப்பு படித்த மருத்துவர் அல்ல. அங்குள்ளவர்களைப் பற்றி இணையத்தில் படித்துவிட்டு அமெரிக்க டாக்டரை எடை போடுவது தவறு.

பழைய பகையும் இதில் உண்டு. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க மருத்துவர் 1874இல் ‘ஆஸ்டியோபதி’ என்ற இந்த முறையை அறிவித்தபோது, அன்றைய மருந்துகளையே எதிர்த்தார். பாதரச உப்பை மருந்தாகக் கொடுத்த காலம் அது. அமெரிக்க மருத்துவச் சங்கம் டி.ஓ.க்களுடன் சேர்ந்து பணியாற்றுவதே நெறிமீறல் என்று நெடுங்காலம் சொல்லிவந்தது. கலிபோர்னியாவில் 1960களின் தொடக்கத்தில் 65 டாலர் கட்டிய டி.ஓ.க்களுக்கு எம்.டி. பட்டம் வழங்கினார்கள். படிப்பில் பெரிய பள்ளம் இருந்திருந்தால் அது நடந்திருக்குமா?

டி.ஓ. மாணவர்கள் கூடுதலாகப் படிப்பது சுமார் 200 மணி நேரக் கைச்சிகிச்சை. ‘எலும்பை முறிப்பது’ என்று பயப்படுகிறார்களே, அதில் ஒரு முறையைச் சொல்கிறேன். கழுத்து பிடித்துக்கொண்டவரை மல்லாக்கப் படுக்கவைத்து, தலையை இரு கைகளில் ஏந்தி, எந்த இடத்தில் இறுகுகிறதோ அதுவரை மட்டும் திருப்புவார்கள். நோயாளி எதிர்த்திசையில் லேசாக 3 முதல் 5 விநாடி அழுத்துவார். பிறகு தளர்த்தச் சொல்லி, கிடைத்த இடத்துக்கு இன்னும் கொஞ்சம் திருப்புவார்கள். இப்படி 3 முதல் 5 தடவை. சடக்கென்று கழுத்தைத் திருப்பும் முறையும் இருக்கிறது. அரிதாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிய வாய்ப்புண்டு என்பதால், யாருக்குச் செய்யக்கூடாது என்பதையும் படித்தாக வேண்டும். மண்டையோட்டைத் தொட்டுச் செய்யும் ‘கிரேனியல்’ முறைக்கு வலுவான ஆதாரம் கிடையாது. அதைப் பாடத்தில் வைத்திருப்பது இந்தத் துறையின் பெயருக்கே கெடுதல். பட்டம் பெற்றபின் பெரும்பாலான டி.ஓ.க்கள் கைச்சிகிச்சையை அரிதாகவே செய்கிறார்கள்.

சேர்பவர்களின் சராசரி எம்கேட் மதிப்பெண் எம்.டி. கல்லூரிகளைவிடச் சில புள்ளிகள் குறைவு என்பது உண்மை. நரம்பு அறுவை, தோல் மருத்துவம் போன்றவற்றில் இடம் பிடிப்பதும் கடினம். இவர்களுக்கென்று ‘காம்லெக்ஸ்’ என்ற உரிமத் தேர்வு இருந்தும், சில மருத்துவமனைகளின் எதிர்பார்ப்புக்காகப் பலர் எம்.டி. மாணவர்களின் தேர்வையும் சேர்த்து எழுதுகிறார்கள். இரட்டைக் கட்டணம், இரட்டை உழைப்பு.

அமெரிக்காவுக்குப் போகும் பெற்றோருக்கு ஒன்று. டாக்டரின் உரிமத்தை மாநில வாரியத்தின் தளத்தில் பார்க்கலாம். கலிபோர்னியா, ஃபுளோரிடா, பென்சில்வேனியா, மிச்சிகன் போன்ற மாநிலங்களில் டி.ஓ.க்களுக்குத் தனி வாரியம். எம்.டி. பட்டியலில் பெயர் இல்லையே என்று பதறாமல் அங்கே தேடுங்கள்.

இப்படிக்கு,
மருத்துவக் கல்வி சார்ந்த வாசகர்