மிளகுக் கிடங்கு வரை

அன்புள்ள கண்ணா,

நேற்று இரவு, ரோமைச் சுற்றிப் பார்த்தது எப்படி என்று நீ தொலைபேசியில் கேட்டபோது "நன்றாக இருந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். கால் வலியோ, கோபமோ என்று நீ கவலைப்பட்டிருப்பாய். இரண்டும் இல்லை. மூன்று மணி நேரத்தில் பார்த்தவை தொண்டையில் வந்து நின்றன, வார்த்தையாகவில்லை. இப்போது அப்பா தூங்குகிறார். அறையில் ஜன்னலோரம் ஒரு சின்ன மேசை இருக்கிறது. எழுதினால்தான் எனக்கு எல்லாம் கோவையாக வரும் என்பது உனக்குத் தெரியும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வேலை நெருக்கடியில் உன்னால் வர முடியாது என்று நீ சொன்ன அன்று எனக்கு மனது கசந்துபோயிற்று. ரோமுக்குப் போகலாம் அம்மா என்று ஆசை காட்டியவனே நீதான். உனக்குப் பதிலாக எங்கள் இருவருக்கு மட்டும் ஒரு வழிகாட்டியையும், செக்வே என்ற நின்றுகொண்டே ஓட்டும் வண்டிகளையும் ஏற்பாடு செய்திருக்கிறேன் என்றாய். பிள்ளைக்குப் பதில் வண்டியா என்று தோன்றியது. தனியாக எதற்கு, பத்துப் பேரோடு சேர்ந்து போனால் செலவு குறையுமே என்று அப்பாவிடம் வேறு புலம்பினேன். அந்தப் புலம்பலை இன்று முழுவதுமாகத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். முதல் வருத்தம் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

காலை எட்டரைக்கு, பழைய தேர்ப் பந்தயத் திடலான சர்க்கஸ் மாக்ஸிமஸின் ஓரத்தில் ஆரம்பித்தோம். புடவை வேண்டாம் என்று நீ சொன்னபடி சுடிதாரும், பின்னால் பட்டை வைத்த தட்டையான செருப்புக்குப் பதிலாக மூடிய காலணியும் போட்டுக்கொண்டேன். வழிகாட்டியாக வந்த பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். ஹெல்மெட்டை என் தலையில் வைத்து, தாடைக்குக் கீழே வாரை மாட்டி, இறுக்கமாக இருக்கிறதா என்று இரண்டு விரல் விட்டுப் பார்த்தாள். எனக்கு அப்போதே அவளைப் பிடித்துவிட்டது.

வண்டியைப் பற்றி நீ விளக்கியதெல்லாம் ஏறி நிற்கும்வரை எனக்குப் புரியவில்லை. இரண்டு பக்கமும் சக்கரம், நடுவில் நிற்க ஒரு பலகை, பிடித்துக்கொள்ள ஒரு தண்டு. பிரேக் என்று தனியாக எதுவும் கிடையாது. முன்னால் சாய்ந்தால் போகிறது. நாற்காலியில் உட்காரப் போகிறவரைப் போல உடம்பைப் பின்னுக்கு இழுத்தால் நிற்கிறது. திரும்ப வேண்டுமானால் தண்டை அந்தப் பக்கம் சாய்க்க வேண்டும். உள்ளே இருக்கும் கைரோஸ்கோப்புகள் நாம் எந்தப் பக்கம் சாய்கிறோம் என்பதை நொடிக்குப் பலமுறை அளந்து, சக்கரத்தை நம் காலடிக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்துகின்றனவாம். முதல் ஐந்து நிமிடம் நான் நடுங்கினேன். வண்டியும் கூடவே முன்னும் பின்னும் நடுங்கியது. "கீழே பார்க்காதீர்கள், அதோ அந்தப் பைன் மரத்தைப் பாருங்கள்" என்றாள். மரத்தைப் பார்த்தேன். உடம்பு தளர்ந்தது, வண்டி அடங்கிவிட்டது.

இன்னொரு செய்தியும் சொன்னாள். இதை உருவாக்கிய டீன் கேமன் என்ற அமெரிக்கர் இதற்கு முன்னால் செய்தது படியேறக்கூடிய ஒரு சக்கர நாற்காலி. நடக்க முடியாதவர்கள் நிற்பவர்களின் கண் உயரத்துக்கு எழுந்து பேசவேண்டும் என்று அதில் சமநிலை நுட்பத்தைப் புகுத்தினார். அதிலிருந்து பிறந்ததுதான் 2001 டிசம்பரில் உலகத்துக்குக் காட்டப்பட்ட செக்வே. விளையாட்டுப் பொருள் என்று நினைத்திருந்த எனக்கு இதைக் கேட்டதும் அதன்மேல் ஒரு மரியாதை வந்தது. முழங்கால் தேய்ந்த அம்மாவுக்கு நீ இதைத் தேடிப் பிடித்ததும் அதோடு சேர்ந்து புரிந்தது.

கண்ணா, அந்தத் திடலை நீ பார்க்க வேண்டும். பெரிய கட்டடம் எதுவும் மிச்சம் இல்லை. ஏறக்குறைய 600 மீட்டர் நீளத்துக்கு ஒரு புல்வெளிப் பள்ளம், ஓடுகிறவர்கள், நாயோடு நடப்பவர்கள். ஒருபக்கம் பாலட்டைன் குன்றின் மேல் பேரரசர்களின் அரண்மனை இடிபாடுகள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உட்கார்ந்து தேர்ப் பந்தயம் பார்த்த இடம் இது என்று முப்பது வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். கரும்பலகையில் ஒரு நீள்வட்டம் வரைவேன், நடுவில் ஒரு கோடு போடுவேன், அவ்வளவுதான். அந்தக் கோடு எவ்வளவு நீளம் என்பது நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது.

பிறகு அவென்டைன் குன்று. மேட்டுப் பாதை. நடந்திருந்தால் பாதியில் உட்கார்ந்திருப்பேன். வண்டி அலட்டிக்கொள்ளாமல் ஏறியது. மேலே மால்டா வீரர் சபையின் கதவில் உள்ள சாவித் துவாரத்தைப் பார்க்க எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு கண்ணை மூடி எட்டிப் பார்த்தால் இருபுறமும் செடிகள் வளைந்து ஒரு பாதைபோல நீள, அதன் முனையில் புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடம் தெரிகிறது. அழகுதான். அதைவிடப் பக்கத்தில் இருக்கும் ஆரஞ்சுத் தோட்டம் எனக்கு நிறைவாக இருந்தது. அங்கே வண்டியை விட்டு இறங்கி, சுவரோரம் நின்று, டைபர் ஆற்றையும் ஊரையும் பார்த்தோம். அப்பா ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் நிற்பதே ஒரு பாராட்டு.

இறங்கி வரும்போது ஒன்று நடந்தது. உன்னிடம் சொல்லக்கூடாது என்று அப்பா சத்தியம் வாங்கினார். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நாளை நீயும் இதில் ஏறுவாய். பழைய தெருக்களில் சிறு சிறு கருங்கற்களைப் பதித்திருக்கிறார்கள். சாம்பியெத்ரினி என்று பெயர். அதன்மேல் போகும்போது அதிர்வு பாதத்திலிருந்து பல்வரைக்கும் ஏறுகிறது. முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நிற்க வேண்டும். அப்பா விறைப்பாக நின்றார். ஓரமாகப் போய் நடைபாதை விளிம்பில் ஒரு சக்கரம் இடித்தது. பயத்தில் கைப்பிடியை விடாமலே ஒரு காலைக் கீழே வைத்துவிட்டார். ஒரு கால் இறங்கியதும் வண்டி சுழன்றது. விழுந்துவிட்டார். முழங்கையில் தோல் உரிந்தது, வேறொன்றும் இல்லை. கூட்டத்தோடு போயிருந்தால் அவர் வெட்கப்பட்டு அத்தோடு திரும்பியிருப்பார். இங்கே யாரும் எங்களுக்காகக் காத்து நிற்கவில்லை. அந்தப் பெண் காயத்தைக் கழுவினாள். கால் மணி நேரம் ஒரு சுவரில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். அவரே எழுந்து, "போகலாம்" என்றார். தனியாக ஏற்பாடு செய்ததன் அருமை அந்தச் சுவரில்தான் முதலில் எனக்கு விளங்கியது.

காயம் கழுவிய தண்ணீரையும் சொல்ல வேண்டும். இந்த ஊரில் தெருவுக்குத் தெரு இரும்புத் தூண்போலக் குழாய்கள் இருக்கின்றன. வளைந்த மூக்கு இருப்பதால் நசோனி, அதாவது பெரிய மூக்கு என்று கூப்பிடுகிறார்கள். 1874 இல் வைக்கத் தொடங்கியவை. நல்ல குடிதண்ணீர் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. மூக்கின் நுனியை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் வளைந்து எழும்புகிறது, குனியாமல் குடிக்கலாம். வழிப்போக்கனுக்குத் தண்ணீர் தர மறக்காத ஊர் என்று எனக்கு அதன்மேல் தனி அன்பு வந்துவிட்டது.

வெனேசியா சதுக்கத்தில் வாகன நெரிசல். மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தோம். பேரரசர் திராஜனின் தூணை நின்று பார்த்தோம். உச்சியில் திராஜன் இல்லை, 1587 இல் வைத்த புனித பேதுருவின் சிலை இருக்கிறது. அங்கிருந்து கொலோசியம் வரை நேராக ஓர் அகலமான சாலை. சர்வாதிகாரி முசோலினி 1932 இல் திறந்தது. பேரரசர்கள் கட்டிய மன்றங்களின் மேலேயே போட்டது. அதற்காகப் பல தெருக்களை இடித்து, குடியிருந்தவர்களை ஊருக்கு வெளியே அனுப்பினார்கள். அன்று முழுவதும் வண்டி அங்கேதான் மிகச் சுகமாக ஓடியது. அந்தச் சுகமே எனக்கு உறுத்தியது.

அந்தச் சாலையில்தான் நான் வண்டியை நிறுத்தச் சொன்னேன். பேரரசர் மாக்ஸென்டியஸ் கட்டத் தொடங்கிய பெரிய மண்டபத்தின் பின்சுவர் அங்கே தெரிகிறது. சுவரில் முசோலினி காலத்துப் பளிங்கு வரைபடங்கள் நான்கு. ரோம் ஒரு புள்ளியாக இருந்ததிலிருந்து திராஜன் காலத்துப் பேரரசாக விரிந்தது வரை காட்டுகிறார்கள். கடைசிப் படத்தில்கூட நம் கடற்கரை இல்லை. இருக்க முடியாது, அவர்கள் நம்மை ஆளவில்லை.

ஆனால் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், அந்த மண்டபத்தின் அடியில்தான் பேரரசர் டொமிஷியன் காலத்து மிளகுக் கிடங்கு இருந்தது. ஹோரியா பிப்பரட்டாரியா என்று பெயர். மிளகுக்கு லத்தீனில் பைப்பர். நாம் திப்பிலி என்கிறோமே, வடமொழியில் பிப்பலி, அந்தச் சொல்தான் கப்பலேறி அங்கே போய் மிளகுக்குப் பெயரானது. யவனரின் கப்பல்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் சேரர் துறைமுகமான முசிறியை அகநானூறு பாடுகிறது. அந்தப் பாட்டின் மறுமுனை இது. போகும் மிளகு எங்கே போயிற்று என்றால், இங்கே வந்தது. இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசைக் கொண்டுபோகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதினார். காரம் ஒன்றைத் தவிர வேறு சிறப்பில்லாத மிளகைப் பொன்னையும் வெள்ளியையும்போல எடைபோட்டு வாங்குகிறார்களே என்றும் அங்கலாய்த்தார். அதற்கும் முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 408 இல் விசிகோத் அரசன் அலரிக் இந்த நகரத்தை முற்றுகையிட்டு, விலகிப்போவதற்குக் கேட்ட பணயத்தில் 5,000 ராத்தல் பொன், 30,000 ராத்தல் வெள்ளியோடு 3,000 ராத்தல் மிளகும் இருந்தது. யோசித்துப் பார். ஒரு தலைநகரத்தின் உயிருக்கு விலை பேசும்போது மிளகும் தராசில் ஏறியிருக்கிறது.

அந்தப் பெண்ணுக்குக் கிடங்கு தெரிந்திருந்தது, முசிறி தெரியவில்லை. நான் சொன்னேன். கண்ணா, அந்த இருபது நிமிடம் நான்தான் ஆசிரியர். இருமலுக்காக நான் எப்போதும் கைப்பையில் வைத்திருக்கும் மிளகுப் பொட்டலத்தை எடுத்து, அவள் உள்ளங்கையில் நாலைந்து மணிகளைப் போட்டேன். முகர்ந்து பார்த்தாள். ஒன்றைக் கடித்தாள், கண் கலங்கியது, சிரித்தாள். மீதியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். இனிமேல் இந்த இடத்தில் வண்டியை நிறுத்துவேன் என்றாள்.

அவளிடம் சொல்லி முடித்து, ஏதோ பழக்கத்தில், "கேட்டாயா?" என்று பக்கத்தில் திரும்பினேன். அப்பாதான் நின்றிருந்தார். எட்டாம் வகுப்பில் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, "அந்த மிளகையெல்லாம் எங்கே வைத்தார்கள் அம்மா?" என்று கேட்டவன் நீ. எனக்கு அப்போது விடை தெரியவில்லை. பாடத்தைப் படி என்று அதட்டினேன். மிச்சம் இருக்கிறது என்று சொன்னேனே, அந்த வருத்தம் இதுதான். விடை கிடைத்த இடத்தில் கேள்வி கேட்டவன் இல்லை.

கொலோசியத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. பார்த்தோம், சுற்றி வந்தோம், பிரமித்தோம். படங்கள் அப்பாவிடம் இருக்கின்றன.

உனக்கு எப்போது விடுமுறை கிடைக்கும் என்று கேட்டு எழுது. ஒரு நாள் போதும். வழி எனக்கு இப்போது தெரியும்: வெனேசியா சதுக்கத்திலிருந்து வந்தால் வலது கைப்பக்கம், வரைபடங்கள் உள்ள சுவர். நீயும் ஒரு வண்டி எடுத்துக்கொள். கற்கள் வரும்போது முழங்காலை மடக்கு, ஓரத்துக்குப் போகாதே, இறங்கும்போது பின்பக்கமாக ஒவ்வொரு காலாக இறங்கு. மிளகுப் பொட்டலத்தில் இன்னும் பாதி இருக்கிறது.

அப்பா எழுந்துவிட்டார். முழங்கைக்கு மருந்து போட வேண்டும்.

அன்புடன்,
அம்மா